நகல்தான் சாக வேண்டும்

மூட்டை தூக்கி வீங்கிய தோள்பட்டை வலியோடு கண்ணாடித் தொட்டிக்குள் படுத்தேன். நானும் அண்ணனும் இரட்டையர்கள் என்பதால், ஒரு மனிதனைத் தொட்டியில் அச்சாக நகலெடுக்கும் கதையுள்ள படமொன்றில் நடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

"முகத்தைச் சுளிக்காத. நகலுக்கு வலிக்காது. கடைசியில சாவான்," என்றார் இயக்குநர்.

"எல்லாப் படத்துலயும் அவன்தான சார் சாகறான்?"

"அதான் முறை."

"அண்ணா, நீ சாகேன்."

"முதல்ல பொறந்தவன் நான்டா. நகல் நீதான். நான் செத்தா, படம் பாக்குற அம்மா தாங்கமாட்டாங்க."

"நான் செத்தா?"

"உன்னை தினமும் 'செத்துத் தொலை'ன்னு திட்டுறவங்கதான. பழகியிருக்கும்."

"சரி, சாகறேன். ஒருநாள் என் மூட்டையையும் நீயே சுமக்கணும்."

தலையாட்டினான். மூன்று தடவை செத்தேன். மூன்றாவது சாவுதான் இயக்குநருக்குப் பிடித்தது.

படம் வந்து ஓடியும் முடிந்துவிட்டது. அம்மா அழவில்லை. அண்ணன் எனக்கு இன்னும் ஒருநாள் சுமை பாக்கி வைத்திருக்கிறான்.