குளியலறையின் கிழக்குச் சுவர்

பொத்தான் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பெண்ணின் கண்களிலிருந்து நாளொன்றுக்கு இரண்டு தேக்கரண்டி மணல் கொட்டியது. இடது கண்ணில் சற்று அதிகம். வெள்ளை மணல், நல்ல சன்னம். காலையில் தலையணை உறையை உதறினால் தரை சரசரக்கும். யாராவது சிரிக்க வைத்தால் கன்னத்தைத் துடைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வாள். மற்றபடி ஆள் நல்ல திடம்.

காரணத்தில் மர்மம் ஒன்றுமில்லை. ஓடும் பட்டையில் ஒருமுறை கண் இமைத்தால் மூன்று பொத்தான்கள் பார்வைக்குத் தப்பிப் போய்விடும் என்று மேற்பார்வையாளர் எழுதி ஒட்டியிருந்தார். பதினோரு வருடம் இமைக்காமல் பார்த்ததில் அவளுக்குச் சிறந்த ஊழியர் கேடயம் நான்கு கிடைத்தன. கண்ணீர் அடியோடு வற்றிப்போனது. மின்விசிறிக் காற்று பட்டால் கண்ணில் அரம் தேய்ப்பதுபோல் இருக்கும். கண் மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார். சீசாவிலிருந்து புறப்பட்ட சொட்டு பாதி வழியிலேயே காய்ந்து பொடியாகப் பறந்தது. மருத்துவர் அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டு, "அடிக்கடி கண்ணை மூடித் திறங்கம்மா" என்றார்.

"மூணு பொத்தான் போயிடும் டாக்டர்."

"பொத்தான் போனா போகட்டும். கண்ணு போனா என்ன பண்ணுவீங்க?"

கருவிழியில் புகைபோல ஒரு படலம் ஏறியிருந்தது. இப்படியே விட்டால் அடுத்த வருடம் பட்டையும் தெரியாது, பொத்தானும் தெரியாது என்று அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

கணவர் கொத்தனார். மணலை வீணாக்குவது அவர் ரத்தத்திலேயே கிடையாது. மனைவி உதிர்த்ததையெல்லாம் ஒரு பெயின்ட் வாளியில் சேர்த்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். "சலிக்கவே வேண்டாம், எந்த ஆத்துலயும் இப்படி மணல் கிடைக்காது" என்று வந்த உறவினர்களிடமெல்லாம் வாளியைத் திறந்து காட்டுவார். அவளும் விடமாட்டாள்: "எத்தனை பேரு பொண்டாட்டி வேலைக்குச் சாமான் குடுக்கிறா? கொஞ்சம் மரியாதையா நடந்துக்குங்க." அதே வருடம் வாளி நிரம்பியபோது குளியலறையின் கிழக்குச் சுவரில் காரை பெயர்ந்தது. வாளி மணலைச் சிமென்டோடு குழைத்து அவர் ஒரே நாளில் பூசி முடித்தார்.

மூன்றாம் நாள் காலை அந்தச் சுவர் வியர்த்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார், உப்புக் கரித்தது. அவள் போய் முகத்தைச் சுவரோடு சேர்த்து ஒட்டிக்கொண்டாள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது இமைகள் சத்தமில்லாமல் மூடித் திறந்தன. அன்றிலிருந்து தினமும் வேலைக்குப் போகுமுன் சுவரோடு கால் மணி நேரம். இரண்டே மாதத்தில் மணல் அரைத் தேக்கரண்டிக்கு இறங்கியது. படலமும் விலகத் தொடங்கியது. மருத்துவர் மருந்துச் சீட்டில் 'சுவர், காலை ஒரு வேளை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் கொத்தனார் வீட்டிலேயே ஓதம் ஏறிய சுவர் இருப்பதை எந்தக் கொத்தனாரால் தாங்க முடியும்? "என்ன மேஸ்திரி, ஊருக்கெல்லாம் பூசிட்டுச் சொந்த வீட்டுல கோட்டை விட்டுட்டீங்களே!" என்று கூட்டாளிகள் வாரினார்கள். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், தொழில் கௌரவம் தலைக்கேறி, நீர் கசியாத பூச்சு இரண்டு கை அடித்துவிட்டார். சுவர் பீங்கான்போல மின்னியது. அவள் சாயங்காலம் வந்து கையால் தடவிப் பார்த்தாள். பொட்டு ஈரமில்லை.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ரெண்டு கை அடிச்சிருக்கேன். பத்து வருஷத்துக்கு ஒரு சொட்டு வராது" என்று பழக்க தோஷத்தில் சொன்னவருக்கு, சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

"யோவ், நீ அடைச்சது என் கண்ணுய்யா!"

உளியும் சுத்தியலும் கொண்டுவந்து கொத்தினார். உளிதான் வளைந்தது. வாழ்நாளில் அவர் செய்த மிக உருப்படியான வேலை அந்தப் பூச்சுதான். காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

தண்ணீரை ஒரு பக்கம் அடைத்தால் அது இன்னொரு பக்கம் வழி தேடும் என்பது அந்தத் தொழிலில் முதல் வாரமே தெரிந்துவிடுகிற விஷயம். மறுநாள் காலை ஆறரைக்கு அந்தத் தண்ணீர் அவளுடைய இரண்டு கண்களிலும் வந்தது. தாரை தாரையாக, வெதுவெதுப்பாக, கழுத்துவரை.

"என்னை நினைச்சா அழறே?" என்று அவர் பதறினார்.

"ஆசையைப் பாரு. தண்ணி வந்துடுச்சு, துண்டை எடுங்க!"

அதன்பின் மணல் விழவில்லை. படலம் முழுதாக விலகியது. தொழிற்சாலையில் அவள் இஷ்டத்துக்குக் கண் இமைத்தாள். மேற்பார்வையாளர் ஒரு வாரம் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுப் பட்டையின் வேகத்தைக் குறைத்தார். வீட்டில் அந்தத் தண்ணீர் தினமும் ஆறரைக்கு வருகிறது, ஆறே முக்காலுக்கு நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரை மணி தாமதம். அவளும் அன்று மெதுவாகத்தான் எழுந்திருக்கிறாள்.