காகம் சாப்பிடும்வரை நாகேந்திரம் மாஸ்டர்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குள் ஊறி வந்ததல்ல. வாட்ஸ்அப்பில் வந்தது.

எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் சூழல் குழு ஒரு மலர் வெளியிடுகிறது. அதற்கு ஒரு கதை வேண்டுமாம். சூழலியலின் அடிப்படைகள் அதில் விளங்க வேண்டும். சிறுவருக்கும் புரிய வேண்டும். எவர் மனமும் புண்படக் கூடாது. கேட்டவர் குழுத் தலைவர் நாகேந்திரம் மாஸ்டர், ஐந்தாம் மாடி, ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர். "தம்பி, பகிடி வேண்டாம்" என்று தனியாக ஒரு குரல்பதிவும் அனுப்பியிருந்தார்.

சிரிப்புக் கூடாது என்ற இந்தக் கடைசி நிபந்தனையை இப்போதே மீறிவிடுவது நல்லது. பிறகு மனம் இலேசாக இருக்கும்.

2.

தொடக்கம் ஒன்று: "சக்தி அனைத்துக்கும் மூலம் சூரியனே. அந்தச் சூரியன் காலி வீதிக்கு மேலே எழுந்து…"

(வேண்டாம். சூரியனில் தொடங்கினால் ஐந்தாம் மாடிக்கு வந்து சேர ஆறு பக்கம் பிடிக்கும். வெளிச்சமே எட்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது.)

தொடக்கம் இரண்டு: "ஓர் ஊரில் ஒரு காகம் இருந்தது."

(வெள்ளவத்தையில்? ஒரு காகம்?)

தொடக்கம் மூன்று: எங்கள் லிப்டுக்குப் பக்கத்தில் ஓர் அறிவித்தல் பலகை. அதில் மாஸ்டர் தன் கையாலேயே வரைந்த கூம்பகம். அடியில் புல், அதற்கு மேலே வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. உச்சியில் மனிதன், சேட்டும் நீளக் காற்சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக. அந்தக் கண்ணாடியை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். கீழே ஒரு வாசகம்: "ஒன்றில் கைவைத்தால் மற்றதெல்லாம் ஆடும்."

அதே பலகையில், அதே கையெழுத்தில், இன்னொரு தாள்: "காகங்களை ஒழிப்போம்."

சரி, இங்கிருந்தே போகலாம்.

3.

பசுமையைக் காக்கப் புறப்பட்ட குழு முதல் வேலையாக முப்பத்தாறு கறுப்புப் பொலித்தீன் பைகளை வாங்கியது. ஒவ்வொன்றையும் முறுக்கி, செத்த காகத்தைப் போலக் கட்டி, ஜன்னலுக்கு ஒன்றாகத் தொங்கவிடுவது திட்டம். கட்டியவர் செக்குரிட்டி இராமர்.

"ஐயா, காக்கா போயிருச்சுன்னா கீழ கெடக்குற குப்பைய யாருங்க திங்கிறது? எலிதான் வரும்" என்றார் இராமர், கட்டிக்கொண்டே.

"அதுக்கு அடுத்த கூட்டத்தில தீர்மானம் எடுப்பம்" என்றார் மாஸ்டர்.

காகங்கள் இரண்டு நாள் கூடிநின்று பொலித்தீனுக்கு ஒப்பாரி வைத்தன. மூன்றாம் நாள் காணவில்லை. தொடர்மாடி முழுக்க ஒரே ஒரு ஜன்னலில்தான் பை தொங்கவில்லை. மாஸ்டரின் பக்கத்துவீட்டு ஸமீமாவின் குசினி ஜன்னல். மீன் வெட்டினால் தலையையும் குடலையும் அந்த ஜன்னலின் வெளித் திட்டில் வைப்பது அவருடைய பழக்கம்.

"மாஸ்டர், எங்கட மீன், எங்கட ஜன்னல், அல்லாட காகம். இதுல கொமிட்டிக்கு என்ன வேல ஈக்குது?"

மாஸ்டர் அவருக்கு மூன்று கடிதம் எழுதினார்.*

* மூன்றாவதில் மீன் தலை "உயிரியற் கழிவு" எனவும் ஸமீமா "மேற்படி நுகரி" எனவும் குறிப்பிடப்பட்டிருந்தனர். நுகரி என்றால் தானே உணவு தயாரிக்காமல் பிறவற்றைத் தின்று வாழ்வது. ஸமீமாவின் பிரியாணியை உண்டவன் என்ற முறையில் இந்த வரைவிலக்கணத்தை நான் ஏற்கவில்லை.

4.

இங்கே எழுத்தாளனுக்கு ஒரு சந்தேகம். மாஸ்டரை நான் கார்ட்போர்டில் வெட்டிக்கொண்டிருக்கிறேனா? வெறும் பந்தாக்காரரை ஊதிக் கவிழ்ப்பதில் என்ன பெருமை? அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். உதாரணமாக, சிறு வயதில் அவர் ஒரு

(அதெல்லாம் தேவையில்லை. அவரிடமே இருக்கிறது.)

நாற்பத்தொரு வருடங்களுக்கு முன் அவருடைய மூன்று வயது மகன் காய்ச்சலில் கிடந்தான். பிழைத்தால் புரட்டாதிச் சனி விரதம் பிடிக்கிறேன் என்று நேர்ந்தார். பிழைத்தான், இப்போது ரொறொன்ரோவில் பல் பிடுங்குகிறான். மாஸ்டர் ஒரு சனியும் தவறவிட்டதில்லை. இடம்பெயர்ந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் இருந்த காலத்திலும், நல்லெண்ணெய் விட்ட சோற்றைக் காகத்துக்கு வைத்து, அது தொட்ட பிறகுதான் கை நனைப்பார்.

விளங்குகிறதல்லவா? அவருக்கு விளங்கவில்லை. பை கட்டியது ஆவணியில்.

5.

நான் தொடக்கம் மூன்றில் நின்று தடுமாறிக்கொண்டிருந்தபோது புரட்டாதி முதற்சனி வந்துவிட்டது.

மாஸ்டருக்கு இன்சுலின். பன்னிரண்டரைக்கு ஊசி, முக்காலுக்குக் காகம், உடனே சாப்பாடு. அதுதான் ஒழுங்கு. ஒன்றேகாலுக்கு அவர் மனைவி துஷ்யந்தி என் கதவைத் தட்டினார்.

"தம்பி, ஒருக்கா வந்து இந்த மனிசனுக்குச் சொல்லுங்கோ. ஊசி போட்டு முக்கால் மணித்தியாலமாச்சு. குளுக்கோஸ் கரைச்சு வைச்சன், அதையும் தொடமாட்டாராம்."

மாஸ்டர் பல்கனியில் நின்றார். தன்னுடைய பையைக் காலையிலேயே அவிழ்த்துவிட்டார். மேல்மாடிப் பை அவர் தலைக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து, "கா… கா…" என்று கூப்பிட்டார். நெற்றியில் வியர்வை, திருநீறு கரைந்திருந்தது.

"மாஸ்டர், ஒரு வாய் சாப்பிடுங்கோ. காகத்துக்குப் பிறகு விளங்கப்படுத்தலாம்."

"தம்பி, அது தொடாமல் நான் தொடேலாது. பகிடிக்கு இது நேரமில்லை."

கையில் பிடித்திருந்த சோற்று இலை ஆடியது. இலையிலிருந்து சோறு உதிர்ந்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்தில், பக்கத்துவீட்டுக் குசினியில், பெரும் கூச்சல். கா, கா, கா.

மூவரும் சுவரைப் பார்த்தோம்.

"போய்க் கேளுங்கோவன்" என்றார் துஷ்யந்தி.

"அவவிட்டையோ?"

"வேற எந்த வீட்டில காகம் வைச்சிருக்கிறியள்?"

[உணவுச் சங்கிலியை இந்த இடத்தில் விளக்கச் சொல்லியிருந்தார்கள். ஸமீமா மீன் வைத்தால் காகம் வரும். காகம் தின்றால் மாஸ்டர் தின்பார். அம்புக்குறிகளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உச்சியில் நின்றவர் இப்போது எந்தப் படியில் நிற்கிறார் என்பதையும்.]

6.

இரண்டு கதவுகளுக்கும் இடையில் ஏழு அடி. மாஸ்டர் அதைக் கடக்க எடுத்த நேரத்தில் நான் இந்தக் கதையின் தலைப்பை மூன்று முறை மாற்றினேன்.

ஸமீமா கதவைத் திறந்தார்.

"நாலாவது கடிதமா?"

பிறகு இலையைப் பார்த்தார். நடுங்கும் கையைப் பார்த்தார். குரல் மாறிவிட்டது.

"யா அல்லா. உள்ளுக்கு வாங்க மாஸ்டர்."

குசினி ஜன்னல் திட்டில் ஐந்து காகங்கள். நடுவில் பாரை மீன் தலை. நாற்பத்தொரு வருட விரதக்காரர், மீன் குடலுக்கு ஒரு சாண் தள்ளி, இலையை வைத்தார். காகங்கள் திரும்பியும் பார்க்கவில்லை. நல்லெண்ணெய்ச் சோறும் கத்தரிக்காயும் அப்படியே இருந்தன. புரட்டாதிச் சனி அவருக்குத்தானே, அவற்றுக்கு இல்லையே.

மாஸ்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். துஷ்யந்தி அவருடைய முதுகைப் பிடித்துக்கொண்டார்.

ஸமீமா மீன் தலைக்குக் கிட்டே கையைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"மாஸ்டர், மீன எடுக்கட்டா? மூணு கடிதத்துலயும் அதத்தானே கேட்டீங்க. எடுத்தா பறந்து போனாலும் போயிரும். வெச்சா ஒங்கட சோத்தப் பாக்காது. நீங்க படிச்ச ஆள். சொல்லுங்க."

அவர் நக்கலடிக்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

7.

மலருக்கு ஏற்ற முடிவு: ஒரு காகம் பறந்து வந்து சோற்றைக் கொத்துகிறது. எல்லோரும் கண் கலங்குகிறார்கள். பைகள் அவிழ்க்கப்படுகின்றன. மாஸ்டரும் ஸமீமாவும் சேர்ந்து ஒரு மரக்கன்று

(எங்கே நடுவது? கீழே முழுக்கக் கார் தரிப்பிடம். சீமெந்து.)

விருது கிடைக்கக்கூடிய முடிவு: மாஸ்டர் சரிந்து விழ, பொலித்தீன் காகம் ஒன்று காற்றில்

(துஷ்யந்தி அக்கா இதை வாசிப்பார். வெட்கமாயில்லையா எனக்கு?)

மூன்றாவது என்னிடம் இல்லை. இருப்பது இவ்வளவுதான்: ஸமீமாவின் கை மீன் தலைக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. திட்டின் ஓரத்தில், எல்லாவற்றிலும் மெலிந்த காகம் ஒன்று, கூட்டத்தில் இடம் கிடைக்காமல் தலையைச் சரித்து யாரையோ பார்க்கிறது. மாஸ்டர் உதட்டை நனைத்துக்கொண்டு வாயைத் திறக்கிறார்.

"தங்கச்சி, ………………………………"

புள்ளிக்கோட்டில் நீங்கள் எழுதுங்கள். ஆறுதலாக யோசிக்க நேரமில்லை. மனிசனுக்குச் சுகர் இறங்கிக்கொண்டிருக்கிறது.