காதில் விழுந்த இந்தி

"பாட்டுக் கேக்கவா தோட்டத்துக்கு வந்த?" என்று என் வீட்டுக்காரர் விஜய்பாண்டி முறைத்தார். நான் இயர்பட்ஸைக் கழற்றவில்லை.

அனுமந்தன்பட்டியில் எங்கள் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று, வடக்கேயிருந்து வந்த வியாபாரி ஒரு பழத்தை வாயில் போட்டார். தரகரிடம் இந்தியில் ஏதோ சொன்னார். தரகர் என் பக்கம் திரும்பி முகத்தைச் சுளித்தார்.

"பழம் புளிக்குதும்மா. வேற தோட்டம் பாக்குறாகளாம்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அந்த இந்தியைப் புதுப் போன் அப்போதே தமிழாக்கி என் காதில் சொல்லியிருந்தது. ஸ்பீக்கரைப் போட்டு, அதையே மறுபடி பேசவிட்டேன்.

"இவ்வளவு இனிப்பை நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. புளிக்கிறது என்று சொல்."

தரகர் தலையைக் குனிந்துகொண்டார். தமிழ் தெரியாத வியாபாரியின் கை அடுத்த பழத்துக்குப் போனது.

"மொதல்ல வெலைய நாஞ் சொல்றேன். அப்புறம் அவுகளத் திங்கச் சொல்லுங்க," என்றேன்.