ஆறு நெப்கின்

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கோசலாவின் வேலை போகும். வேலைநீக்கக் கடிதம் தயார். மேனேஜர் சதீஸ்குமாரின் கையெழுத்துதான் பாக்கி.

இலங்கை மலையகத்தில் லிந்துலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். அதன் சலவை அறையில் கோசலாவுக்கு ஒன்பது வருஷம். குற்றச்சாட்டு: சாப்பாட்டு மேசை வெள்ளை நெப்கின் ஆறு காணவில்லை.

"தேஞ்சத தரை தொடைக்கப் போடு" என்று போன வருஷம் சதீஸ்குமாரே சொன்னதுதான். அவருக்கு மறந்துவிட்டது. எழுத்தில் எதுவுமில்லை. அப்படித் தேய்ந்த அந்த ஆறையும் கோசலா வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் கடைக்குட்டிக்கு நெப்பியாகக் கட்டினாள்.

இப்போது அவை எங்கே என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் வேலை தப்பும். ஆனால் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாள், மேனேஜரின் மனைவி கேஷிகாவுக்கு.

பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பு கேஷிகா மூச்சு வாங்கச் சலவை அறைக்கு வந்தாள்.

"கோசலாக்கா, முப்பத்தொன்னாம் நாள் வரைக்கும் புள்ளைக்குப் புதுத்துணி ஆகாதுன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. நல்லா வளர்ற புள்ளைங்க கட்டுன பழசுதான் கட்டணுமாம். ஒங்க மூணும் கல்லாட்டம் இருக்குதுங்க. நெப்பிக்குத் துணி குடுங்க. அவருக்குத் தெரிஞ்சா மூடநம்பிக்கைன்னு குதிப்பாரு."

கோசலா கொடுத்துவிட்டாள். ஆறையும்.

பத்து மணி. சதீஸ்குமார் விசாரணையை, வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கு விளக்கம் சொல்லும் அதே குரலில் ஆரம்பித்தார்.

"நெப்கின்னா என்னன்னு தெரியுமா? பிரெஞ்சுல 'நாப்'னா மேசைத்துணி. அதோட குட்டிதான் நெப்கின். அதச் சுருக்கித்தான் கொழந்தைக்குக் கட்டுறது நெப்பி ஆச்சு. டயப்பர்னு சொல்றாங்களே, அதுவும் ஒரு காலத்துல கட்டம் போட்டு நெய்த மேசைத்துணிதான்."

"அப்ப மேசைத்துணிய புள்ளைக்குக் கட்டுனா தப்பில்லைங்களா, சேர்?"

"வெள்ளைக்காரன் கட்டலாம். என் ஹோட்டல் துணிய நீங்க கட்ட முடியாது. அஞ்சு நிமிஷத்துல ஆறும் இந்த மேசைக்கு வரணும். இல்லாட்டிப் பொலிஸ்."

வேலை மட்டும் போவதாக இருந்தால் பல்லைக் கடித்துப் பொறுத்திருப்பாள். பொலிஸ் என்றதும் சத்தியம் சரிந்தது.

"கொண்டாரலாம், சேர். ஈரமா இருக்குமுங்க."

"எங்க இருக்கு?"

"ஒங்க குவார்ட்டர்ஸ் பின்னால, கொடியில அஞ்சு. மிச்சம் ஒண்ணு சின்ன சேர் இடுப்புல."

சதீஸ்குமார் ஜன்னலைத் திறந்தார். ஹோட்டலின் முத்திரையான தேயிலைக் கொழுந்து, கொடியில் ஐந்து துணிகளின் மூலையிலும் காற்றில் ஆடியது. ஜன்னலைச் சாத்தினார். பேனாவை எடுத்தார். பதிவேட்டில் எழுதினார்: 'தேய்ந்தவை. கழிக்கப்பட்டன.'

பிறகு கதவைப் பார்த்தார். குரல் பாதியாக இறங்கியது.

"புள்ளைக்கு இன்னைக்குப் பதினெட்டு நாள்தான் ஆகுது. இன்னும் பதிமூணு நாள் கெடக்கு. இந்த மழைக் காலத்துல ஒண்ணும் காயமாட்டேங்குது. ஒன் வீட்டுல வேற பழசு இருக்கா, கோசலா?"

"இருக்குதுங்க. மொதல்ல அந்தக் கடிதாசியக் கிழிங்க."

இரண்டாகக் கிழித்தார்.

"இன்னும் கொஞ்சம் பொடியா, சேர்."