பத்துக் கிலோ

எனக்கு வாய் நீளம் என்று ஒக்கலிபுரம் முழுக்கத் தெரியும். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த என் அப்பாவுக்கும் இதே வாய்தான். அங்கன்வாடியில் பதினாறு வருஷமாக டீச்சராக இருக்கிறேன். கத்தாமல் முப்பது பிள்ளைகளை எவளாவது உட்கார வைக்கட்டும், அவள் காலில் விழுகிறேன். ஆனால் நவம்பர் மாதம் எடை போட்ட அன்று மகாவைப் பார்த்துக் கத்தினேனே, அது மட்டும் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

மகா ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டித் துடைக்கிறவள். புருஷன் சந்தாபுராவில் பெயிண்ட் அடிக்கிறான், சனிக்கிழமை வந்தால் உண்டு. மகள் சோனியாவுக்கு மூன்றேகால் வயது. எங்கள் கணக்கில் அவள் சிவப்பு. எடை ரொம்பக் குறைந்த பிள்ளைகளை போனில் இருக்கும் ஆப் அப்படித்தான் காட்டும். எங்கள் சென்டரில் சிவப்புப் பிள்ளைக்குத் தினமும் ஒரு முட்டை. அந்த வயதுப் பெண் பத்துக் கிலோவைத் தொட்டுவிட்டால் மஞ்சள். மஞ்சளுக்கு வாரம் இரண்டுதான். சிவப்பிலேயே நிற்கிற பிள்ளையை அம்மாவோடு ஆஸ்பத்திரியில் பதினாலு நாள் வைத்து ஊட்டித் தேற்றுகிற வார்டும் உண்டு. அந்தப் பட்டியலில் சோனியா பெயரை நான்தான் எழுதியிருந்தேன்.

சோனியா முட்டை தின்பதைப் பார்க்க வேண்டும். மஞ்சள்கருவை முதலில் தோண்டித் தின்பாள். பிறகு வெள்ளை. பிறகு தன் விரல், கடைசியில் என் விரலையும் பிடித்து நக்குவாள். தினமும் முட்டை தின்ற மூன்று மாதத்தில் நானூறு கிராம் ஏறியிருந்தாள். நவம்பரில் ஒன்பது கிலோ அறுநூறு. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நான். ஆனால் அன்று காலையிலேயே சூப்பர்வைசர் போனில், "உங்க சென்டர்ல மட்டும் அஞ்சு சிவப்பு, மேலே நான் என்ன பதில் சொல்றது?" என்று கன்னடத்தில் காய்ச்சி எடுத்திருந்தார். அந்தச் சூடு இவள் மேல் இறங்கியது.

"இன்னாமா மகா, மூணு மாசமா தினம் முட்டை துன்றா, நானூறு கிராம்தான் ஏறியிருக்கு! ராத்திரிக்கு இன்னா போடுற? டீயும் பன்னுமா? அடுத்த மாசம் பத்துக் கிலோ காட்டல, இந்தப் பக்கமே வராத, சொல்லிட்டேன்!"

வரிசையில் பத்துப் பெண்கள் நின்றார்கள். மகாவின் பக்கத்து வீட்டு சந்திரம்மா, "பெத்துட்டா மட்டும் போதுமா?" என்று சிரித்தாள். மகா பிள்ளைக்கு கவுனை மாட்டித் தூக்கிக்கொண்டு போனாள்.

டிசம்பரில் எடை போடும் நாளில் நல்ல குளிர். சூப்பர்வைசர் நேரிலேயே வந்திருந்தார். மகா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். சோனியாவைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தோம். தடித்த ஸ்வெட்டர், கம்பளிக் குல்லா, நடந்தால் விளக்கு எரிகிற ஷூ, காலில் கொலுசு, இடுப்பில் வெள்ளி அரைஞாண், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. அரைஞாண் சந்திரம்மா பேரனுடையது. சிரித்தவள் வீட்டிலேயே போய் மகா இரவல் கேட்டிருக்கிறாள்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உள்ளாடையோடுதான் நிறுத்த வேண்டும். பதினாறு வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். அன்று கழற்றச் சொல்லவில்லை. பிள்ளை தும்மினாள், குளிர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றார், ஒரு சிவப்பு குறைந்தால் என் தலை தப்பும், அவ்வளவுதான்.

பத்து கிலோ நூறு.

"சக்கத், மெர்சி!" என்று சூப்பர்வைசர் என் பெயரைச் சொல்லி மெச்சித் தோளைத் தட்டினார். அம்மாவையும் மகளையும் நிற்க வைத்து போட்டோ எடுத்தார். மகா என்னைப் பார்த்து, "காட்டிட்டேன்ல டீச்சர்?" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நான் எடையை ஆப்பில் ஏற்றிப் பட்டனை அழுத்தினேன்.

திங்கட்கிழமை முட்டை கொடுக்கும்போது சோனியா வழக்கம்போல் கையை நீட்டினாள். மறுநாள் மகா வாசலில் வந்து நின்றாள்.

"நேத்து முட்டை குடுக்கலையாமே டீச்சர்?"

"அவ இப்போ மஞ்சள்மா. புதனும் சனியும்தான்."

"நல்லா ஏறினா முட்டையைப் புடுங்கிடுவீங்களா?"

அப்புறம் அவளே எல்லாவற்றையும் கொட்டினாள். அன்று காலையில் நாலு இட்லியைத் திணித்தாளாம். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்தாளாம். "நீங்கதானே டீச்சர் பத்துக் கிலோ கேட்டீங்க? வேற எப்படிக் காட்டுறது?" என்றாள்.

உடனே சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். மேலே போய்விட்டது, திருத்த முடியாது, வார்டுப் பட்டியலிலிருந்தும் பெயர் போய்விட்டது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வேறு யார், நான்தான்.

நாலு நாள் என் வீட்டிலிருந்து முட்டை கொண்டுவந்து கொடுத்தேன். அப்புறம் சோனியா வரவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன், பூட்டியிருந்தது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, மகா அவளை லாட்ஜுக்கே தூக்கிக்கொண்டு போய் அழுக்குப் போர்வை மூட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்திருக்கிறாள் என்றாள் சந்திரம்மா. அன்று அவளும் சிரிக்கவில்லை. லாட்ஜுக்குப் போனேன். வெளியாளை உள்ளே விட மாட்டோம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஜனவரியில் எடை போடும் நாளில் முதல் ஆளாக மகா நின்றாள். நான் சொல்வதற்கு முன்பே கவுனைக் கழற்றினாள். இடுப்பில் கிடந்த கறுப்புக் கயிற்றையும் அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். சோனியாவுக்குத் தானாக நிற்க முடியவில்லை, மெஷின் மேல் உட்கார வைத்தோம்.

எட்டு கிலோ எண்ணூறு.

"சிவப்பா டீச்சர்?"

"சிவப்பு."

மகா மூச்சு விட்டாள். அந்த டிசம்பர் சிரிப்பு திரும்ப வந்தது.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒண்ணும் குடுக்கல டீச்சர். தண்ணிகூட குடுக்கல. ராத்திரி பூரா அழுதா, மனசைக் கல்லாக்கிக்கிட்டேன். போன தடவை பண்ண தப்பை இந்தத் தடவை பண்ணல."

அடிப்பாவி என்று கத்த வாயைத் திறந்தேன். பதினாறு வருஷத்தில் முதல்முறையாகச் சத்தம் வரவில்லை. யாரைப் பாவி என்று கத்துவது? இந்த வழியை அவளுக்கு எடுத்துக் கொடுத்தவளே நான்தானே.

முதலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினேன். பாதி உள்ளே போனது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன், வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். வார்டில் படுக்கை உண்டா என்று கேட்க சூப்பர்வைசருக்குப் போட்டேன், எடுக்கவில்லை. அதற்குள் மகா அடுப்படிக்குப் போய், அன்றைய பாத்திரத்திலிருந்து ஒரு முட்டையை அவளே எடுத்து உரித்துக்கொண்டு வந்தாள். மஞ்சள்கருவைக் கிள்ளி மகளின் உதட்டில் வைத்தாள்.

"தின்னுடி தங்கம். இனிமே தினமும் உண்டு. டீச்சரே சொல்லிட்டாங்க பாரு."

மஞ்சள்கரு உதட்டிலிருந்து உதிர்ந்து கழுத்தில் விழுந்தது. மகா துடைத்துவிட்டு இன்னொரு துண்டு கிள்ளினாள். நான் என் விரலில் கொஞ்சம் தடவி நீட்டினேன், நக்குவாள் என்று.

சோனியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.