முதல் போணி

வணிகம் என்பது படித்து வருவதன்று. அது குருதியில் ஓடுவது. மனித இனம் பண்டமாற்றுச் செய்யத் தொடங்கிய நாள்முதல் அசையாது நிற்கும் இந்தப் பேருண்மையை, றக்வான பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நாகலிங்கம் முதலாளி நாள்தோறும் எடுத்துரைத்து வந்தார். போன மாதம் கிளினிக்கில் அவருடைய குருதியைச் சோதித்தவர்கள், அதில் ஓடுவது சீனி மட்டுமே என்றார்கள்.

மகள் டிலானிக்கு பெலிஹுல்ஓயா கம்பஸில் வியாபார முகாமைத்துவம் படிக்க இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதிய வேண்டும். அப்பா சம்மதித்தால் போவாள், இல்லாவிட்டால் கல்லாவில் உட்காருவாள்.

முகாமைத்துவம் என்றால் என்ன என்று கேட்டார் நாகலிங்கம். எந்தச் சரக்கு, எந்த ஊரில், எப்போது போகும் என்று பார்த்து நடத்துவது என்றாள் டிலானி. அதைத்தானே தாம் பிறந்ததுமுதல் செய்துவருவதாக அவர் சொன்னார். அப்போது அவர் உட்கார்ந்திருந்தது ஒரு பெட்டியின்மேல். வருடம் முழுக்க மழை பெய்யும் றக்வானவில் விற்பதற்காகப் போன வருடம் மொத்தமாக இறக்கிய கறுப்புக் கண்ணாடிகள் அதற்குள் இருந்தன.

தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற சின்னத்தம்பி, முதலாளியின் பக்கம் நின்றார்.

"என் மகனும் டிகிரி முடிச்சவன்தான். த்ரீவீலுக்குப் பின்னால பி.ஏ.னு எழுதி ஒட்டிட்டு ஓட்டுறான். அந்த ஸ்டிக்கர் மட்டுந்தாங்க மிச்சம்."

"மாமா, அந்த ஸ்டிக்கரப் பாத்துத்தானே அவரு த்ரீவீல்ல ஏற ஆளுங்க க்யூவுல நிக்கிறாங்க," என்றாள் டிலானி.

நாகலிங்கத்துக்கு வாதம் பிடிபடவில்லை. ஆகவே தெய்வத்திடம் விட்டார். அவர் கடையில் காலையின் முதல் விற்பனையான போணி ஒருநாளும் பிந்தியதில்லை. கதவு முழுதாகத் திறப்பதற்கு முன்பே யாரோ ஒரு இராசியான கை வாங்கிவிடுகிறது என்று பஜார் முழுக்கப் பெருமையடிப்பார். அந்தக் கையை யாரும் கண்டதில்லை.

"நாளைக்கு மொத போணி யாரோ, அவங்க சொல்றதுதான் முடிவு. அது மகாலச்சுமி வாக்கு," என்று நாலு பேர் கேட்க அறிவித்தார். பிறகு மகாலட்சுமிக்குச் சிரமம் வேண்டாமென்று, விடியற்காலையிலேயே வந்து கால் கிலோ சீனி வாங்கும்படி சின்னத்தம்பியிடம் தனியே சொல்லிவைத்தார்.

டிலானி அடுப்படிக்குப் போய் அம்மா இராஜத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். இராஜம் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

மறுநாள் கடை வாசலில் கூட்டம். எதிர்த் துணிக்கடை இப்திகார் தன் கடையைத் திறக்காமல் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். பஸ்ஸுக்கு நின்ற தோட்டத்துப் பெண்கள் வந்த பஸ்ஸை விட்டுவிட்டார்கள். சின்னத்தம்பி வெளுத்த சாரம் உடுத்து, பையோடு முன்னால் நின்றார். உள்ளே சூடம் மணத்தது. மணி அடித்தது. ஷட்டர் முழங்கால் அளவுக்கு உயர்ந்தது.

அதன் அடியில் குனிந்து வெளியே வந்தவள் இராஜம். கையில் ஒரு தீப்பெட்டி.

"போணி ஆயிருச்சு," என்றாள். "பிள்ள படிக்கட்டும்."

ஷட்டர் படாரென்று மேலே போனது. வழக்கம்போலப் பின்கதவால் வந்த மனைவியிடம், வழக்கம்போலக் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் நாகலிங்கத்துக்கு இன்று என்ன நாள் என்பது உறைத்திருந்தது. வீட்டு ஆள் வாங்குவதெல்லாம் போணியாகாது என்றார்.

"அப்ப தெனமும் ஒங்களுக்கு மொத போணி செய்றது யாரு முதலாளி?" என்று இப்திகார் மிக மரியாதையாகக் கேட்டார்.

நாகலிங்கம் மேலே பார்த்தார். மேலே விளக்குமாறுகள் தொங்கின.

"அம்மா கை கணக்கில்லனா, இத்தன வருசமா நம்ம கடையில போணியே ஆகலப்பா," என்றாள் டிலானி.

மகளின் படிப்பா, கடையின் மானமா என்று முதலாளி சிறிது நேரம் தராசு பிடித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மகாலட்சுமி பேசிவிட்டாள், இனி மனிதன் பேச ஒன்றுமில்லை, பிள்ளை கம்பஸ் போகட்டும் என்று தீர்ப்பளித்தார். பெண்கள் கைதட்டினார்கள். டிலானி அம்மாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். எல்லாருக்கும் டொஃபி வந்தது. சின்னத்தம்பி, தீர்ப்பு எதுவானாலும் சீனி வேண்டும் என்று பையை நீட்டினார். கம்பஸில் வெயில் இருக்கும் என்ற நம்பிக்கையில் நாகலிங்கம் மகளுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார். அவள் கூட்டாளிகளுக்கு விற்றுத் தருவதாகச் சொல்லி, பெட்டியோடு கேட்டாள்.

இப்திகார் ஓடிப்போய்ச் சீனவெடிச் சரம் ஒன்று கொண்டுவந்தார். பஜார் நடுவில் அதை நீட்டிப் போட்டு, பற்றவைப்பதற்காக இராஜத்தின் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கித் திறந்தார்.

உள்ளே குச்சி இல்லை. இத்தனை வருடமும் காலைதோறும் முதல் போணியாக விற்றது அந்த ஒரே பெட்டியைத்தான்.