ஷெல் திறக்கப் பதினாறு நொடி

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னது அண்ணி. அண்ணி என்றால் எனக்கு அல்ல. கதையில் வரும் கொழுந்தனுக்கு. குடிநீர் அலுவலகத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. எந்தக் குழாயில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கணக்குப் போடுவது அவள் வேலை. கணினிகளைக் கவனிப்பது அவன் வேலை.

முதலில், "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்" என்று ஆரம்பித்தேன். (மழையே இல்லையாம். அடித்துவிட்டேன்.)

2

கணக்கை ஒரு வரியாகத் தட்டினால் உடனே பதில் சொல்லும் பைத்தான் ஷெல் என்ற நிரல், அவள் கணினியில் திறக்கவே பதினாறு நொடி எடுத்தது. பதினாறு நொடி என்பது ஒரு யுகம். காலத்தைப் பற்றி யோசித்தால் மனிதன்... (வேண்டாம், கட்டுரை ஆகிவிடும்.) நாளைக்கு நாற்பது தடவை திறப்பாள். மூன்று வாரமாகக் கொழுந்தனைக் கரித்துக்கொட்டினாள். வீட்டில் சாப்பிடும்போதும் விடவில்லை.

"நீ செட் பண்ணிக் கொடுத்த லட்சணம் அப்படி!"

"எல்லா மெஷினும் ஒரே மாதிரிதான் போட்டேன் அண்ணி."

"அப்ப என்னுது மட்டும் ஏன் தூங்குது?"

ஒருநாள் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் மெஷினையே எடுத்துக்கோங்க" என்று தன் மேசையில் ஒயர்களைப் பிடுங்க ஆரம்பித்தான்.

3

அவளுக்குச் சுருக்கென்றது. ("கண் கலங்கினாள்" என்றுதான் எழுதியிருந்தேன். "நான் எங்க கலங்கினேன்?" என்று சண்டைக்கு வந்தாள்.) அவன் கழற்றி முடிப்பதற்குள் தானே பார்த்துவிடுவதென்று உட்கார்ந்தாள்.

ஷெல் திறக்கும்போது தானாகப் படிக்கும் தொடக்கக் கோப்பு ஒன்று உண்டு. அதைத் தவிர்த்துத் திறந்தாள். அரை நொடி! ஆக, கணினி மேல் பழியில்லை. கோப்பில் பாதி வரிகளை முடக்கிப் பார்த்தாள், அதே பதினாறு. மீதியில் பாதி. அதிலும் பாதி. கடைசியில் ஒற்றை வரி சிக்கியது. எப்போதோ மூடிவிட்ட சர்வர் கணினியைக் கூப்பிட்டு, பதில் வருமென்று காத்துக் கிடந்தது அது.

வரிக்கு மேலே ஒரு குறிப்பு: 'தற்காலிகம். அப்புறம் எடுத்துடணும்.'

எழுதியவள் அவளேதான்.

4

வரியை நீக்கினாள். ஷெல் பட்டென்று திறந்தது. நிமிர்ந்தால், கணினியை நெஞ்சோடு அணைத்தபடி கொழுந்தன்.

"எங்க வைக்கட்டும் அண்ணி?"

கதைக்கு ஒரு முடிவு: "தப்பு என்னுதுதான்ப்பா" என்கிறாள், அவன் ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி சிரிக்கிறான். இன்னொன்று: "தானா சரியாயிடுச்சு" என்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவளைக் கேட்டால், "அப்பவே சொல்லிட்டேனே" என்கிறாள். அவனைக் கேட்டால், "என்ன சொன்னாங்க?" என்கிறான். எனக்கு இருவரும் வேண்டியவர்கள். நீங்களே ஒரு முடிவைச் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், பாவம், கையில் கனத்தோடு நிற்கிறான்.